லீவில் வந்த ஆள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவனிடம் எங்கள் பக்கத்தில் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பார்கள். எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க. முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் கவலைப்படமாட்டார்கள். இரண்டாவதற்குப் பதில் வாங்காமல் நகரமாட்டார்கள். அன்னவாசல் பஸ்ஸில் கேட்பார்கள், துக்க வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள், சவரம் செய்கிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். இருபத்திரண்டு வருஷம் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னேன். இந்தத் தடவை கேட்டவனையெல்லாம் ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

காரணம் எளிது. நான் திரும்பிப் போகவில்லை. போக முடியாது. ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனி கைமாறிவிட்டது. உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் பிரிவில் நான் ஃபோர்மேன். புதிதாக வந்த முதலாளிகள் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பிரியாணி போட்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவன் மேடையேறி, மாற்றத்தைக் கண்டு பயப்படக்கூடாது, சந்தோஷமாக வரவேற்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினான். அவன் வேலைக்கு ஒரு மாற்றமும் வரவில்லை. மறுநாள் எங்கள் விசாவை ரத்து செய்தார்கள்.

திருச்சி ஏர்போர்ட் வாசலில் என் மனைவி கலைமதி பெட்டியை வாங்கிக்கொண்டே எத்தனை மாசம் லீவு என்று கேட்டாள். மூன்று மாசம் என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஒரு வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் ஐந்து மாசமாக இழுத்துக்கொண்டு போனது. விசா புதுப்பிக்க லேட்டாகிறது என்றேன், கம்பெனியில் மேனேஜர் மாறிவிட்டார் என்றேன். எல்லாவற்றையும் அவள் நம்பினாள். இனிமேல் போகவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும், அந்த ஒரு வேலைதான் எனக்கு இருந்தது. அதற்கு எனக்குத் துப்பில்லை.

பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. குளித்துவிட்டு வந்தால் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. கறி இல்லாத நாளில் மீன், மீன் இல்லாத நாளில் முட்டை. தண்ணீர்க் குடத்தில் கை வைத்தால், இடுப்பு பிடித்துக்கொண்டால் அங்கே போய் யார் பார்ப்பது, வையுங்கள் என்பாள். ஒருநாள் வயலில் போர்வெல் மோட்டார் நின்றுபோனது. நாற்பது மாடிக்குச் சாரம் கட்டியவன், ஒரு மோட்டாரைப் பார்க்கத் தெரியாதா என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். அங்கே அவள் வரச் சொல்லியிருந்த மெக்கானிக் பாதி வேலையை முடித்திருந்தான். "வந்த எடத்துல ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்றாள் கலைமதி.

வந்த இடமாம். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் கடலை போடுகிற நிலம், பட்டா என் பெயரில் இருக்கிறது, அதில் நான் வந்து நிற்பது அவளுக்கு வந்த இடம். வரப்பில் நின்று கத்தினேன். மெக்கானிக் முன்னாலேயே கத்தினேன். அவள் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தாள். லீவில் வந்த மனுஷனோடு சண்டை போடக்கூடாது என்பது அவள் கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து வைத்திருக்கும் சட்டம். போகிறவன் மனசு நோகக்கூடாதாம். கடலையை எப்போது பிடுங்குவது, மகள் எந்தக் காலேஜில் படிப்பது, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்து பழகியிருந்தாள். எனக்குத் தகவல் வரும். முன்பு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது, இப்போது நேரில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் ரம்யா புதுக்கோட்டையில் கடைசி வருஷம் படிக்கிறாள். காரணம் தெரியாவிட்டாலும் என் கடுகடுப்பை முதலில் கவனித்தது அவள்தான். அவள் காலேஜுக்கு ஒரு லைஃப் கோச் வந்து பேசினாராம், நன்றாக இருந்ததாம், அப்பாவுக்கு நேரம் வாங்கிவிட்டேன் என்றாள். இத்தனை வருஷ உழைப்பு மனசில் கனமாகத் தங்கியிருக்கும், நாலு தடவை போய்ப் பேசிவிட்டு வந்தால் லேசான மனசோடு விமானம் ஏறலாம் என்பது அவள் எண்ணம். மறுத்தால் ஏன் என்று கேட்பாளே என்று சரி என்றேன்.

டீக்கடை ஆத்மநாதனிடம் சும்மா இராமல் இதைச் சொல்லித் தொலைத்தேன். கோச்சிங் என்றால் எங்கள் ஊரில் சர்க்கார் பரீட்சைக்குப் படிப்பது என்றுதான் அர்த்தம். அம்பது வயசில் குரூப் ஃபோர் எழுத விடுவார்களா என்று அவன் கேட்க, பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எப்பப் போறீங்க என்றான். அடுத்த மாசம் என்றேன். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி அறை. கோச்சின் பெயர் ரஞ்சிதா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சொந்த ஊர் குன்றாண்டார்கோவில் என்றும், சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற, ஆள் அனுப்புகிற பிரிவில் ஒன்பது வருஷம் இருந்ததாகவும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோட்டுக்காரனின் தங்கச்சியிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, இன்னும் ஐந்து வருஷத்தில் எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று படமாக வரையச் சொன்னார். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கொடுக்கிற வேலையை எனக்குக் கொடுக்காதீர்கள் என்று தாளைத் திருப்பித் தள்ளினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஊர், நிலம், மகள் படிப்பு என்று ஏதேதோ கேட்டார். நடுவில் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டிருக்க வேண்டும், எப்பப் போறீங்க சார் என்றார்.

"போகல," என்றேன். "எனக்கு வேலயும் இல்ல, விசாவும் இல்ல. அங்கிட்டு எனக்குப் போக எடமில்ல. போதுமா?"

கீழே ஜெராக்ஸ் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கட்டிய மனைவியிடம் ஐந்து மாசமாகச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் மேல்தான் கோபம் வந்தது. என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது மாதிரி இருந்தது. ரஞ்சிதா உச்சுக்கொட்டவில்லை. வீட்டில் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். அடுத்த தடவை வரும்வரை, எப்பப் போறீங்க என்று யார் கேட்டாலும் கேட்டவர் பெயரையும் நான் சொன்ன பதிலையும் அதில் எழுத வேண்டும். பதிலை மாற்ற வேண்டாம், உண்மை பேச வேண்டும் என்றுகூட இல்லை, எழுதினால் போதும் என்றார். இதற்கு ஒரு படிப்பு, ஒரு போர்டு, ஒரு மாடி அறையா என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். பஸ் புறப்படுவதற்குள் பின் சீட்டிலிருந்து ஒருவர் தோளைத் தட்டிக் கேட்டார். சொன்னேன். பிறகு நோட்டை எடுத்து எழுதினேன்.

பத்து நாளில் முப்பத்தொரு பேர். பத்தாம் தேதிக்கு மேல் என்று ஆத்மநாதனுக்கு. டிக்கெட் போட்டாச்சு என்று ரேஷன் கடையில். மெடிக்கல் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறேன் என்று சித்தப்பா மகனுக்கு. கலைமதி கேட்டது இரண்டு தடவை, இரண்டு தடவையும் வேறு வேறு பதில். ஒரே நாளில் மூன்று பேருக்கு மூன்று தேதி கொடுத்திருந்தேன். வாயால் சொல்லும்போது காற்றோடு போய்விடுகிற சங்கதி, என் கையெழுத்தில் கோணல்மாணலாக நின்று என்னை முறைத்தது. வேறொருத்தன் என்னிடம் இப்படிப் பேசியிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நோட்டைக் கிழித்துப் போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். கிழிக்கவில்லை.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் பிச்சையம்மாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. புருஷன் இல்லை. ஒரே மகன் நிலவழகன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்குக்கு ஹெல்பராக இருக்கிறான். அந்த அக்காவுக்குப் பன்னிரண்டாம் தேதி என்று நான் சொன்னது நோட்டில் இருக்கிறது. தேதியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் காலையில் மஞ்சள் பையோடு வந்துவிட்டார்.

போகிறவன் கையில் கொடுத்து அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். மகனுக்கு மாங்காய் ஊறுகாய், தம்பிக்கு மோர்மிளகாய், மாப்பிள்ளைக்கு இட்லிப் பொடி. கூரியர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஆள் கையில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி. வேண்டாம் என்று சொல்கிறவனை ஊர் மன்னிக்காது, நானும் இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. ஒரு வீட்டிலிருந்து பை வந்துவிட்டால் அடுத்த வீட்டிலிருந்தும் வரும். நாலு நாளில் பதினான்கு பைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவில் பெயர், ரூம் நம்பர், போன் நம்பர்.

கலைமதி தராசை இரவல் வாங்கி வந்து எடை பார்த்தாள். முப்பது கிலோவுக்கு மேல் விமானத்தில் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கென்று செய்து வைத்திருந்த பருப்புப் பொடியையும் எள்ளுருண்டையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஊரார் சாமானை அடுக்கினாள். பிறகு சாக்கு ஊசியால் மூட்டை வாயைத் தைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அந்த ஊசியைப் பிடுங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த அருவருப்பு இப்போதும் போகவில்லை.

இரண்டாம் தடவை போனபோது ரஞ்சிதா நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தவில்லை. முடித்துவிட்டு வீட்டில் வேறென்ன நடக்கிறது என்று கேட்க, மூட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீங்கள் சொன்ன பொய்யை நம்பி ஊரே மூட்டை கட்டுகிறது, இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. சோறு போட்ட வேலை போவது என்றால் என்ன என்று உனக்கு என்னம்மா தெரியும், நீ ஆளை வெளியே அனுப்பினவள்தானே என்று கத்தினேன்.

"ஆமா சார், அனுப்பியிருக்கேன்," என்றார் ரஞ்சிதா. அவருக்கும் கோபம் வந்திருந்தது. "எங்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுப் போன ஒருத்தர் வீட்டுல சொல்லாம, ஆறு மாசம் தெனமும் டிபன் பாக்ஸத் தூக்கிட்டுப் போயி பார்க்குல ஒக்காந்திருந்திருக்கார். அவங்க வீட்டம்மா ஆபீஸுக்கு வந்து எம் மொகத்தப் பாத்துக் கேட்டாங்க, நான் கட்டிக் குடுத்த சோத்த எங்க வச்சுத் தின்னாருன்னு. அதோட நான் அந்த வேலைய விட்டுட்டேன். நீங்க ஒங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு அப்புறம் இங்க வாங்க. சொல்லாம வந்தீங்கன்னா பேச எங்கிட்ட ஒண்ணுமில்ல."

இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டு இறங்கினேன். காசு வாங்கிக்கொண்டு திட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ரம்யாவிடம் பொரிந்தேன். என்ன சொன்னாங்கப்பா என்று அவள் கேட்டதும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

எட்டாம் தேதி காலை நிலவழகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். எந்த ஃபிளைட் மாமா, ஏர்போர்ட்டுக்கு நானே வரவா என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். பதினைந்தாம் தேதிக்குள் ஐ.டி.ஐ. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டினால் அவனை மெக்கானிக்காக ஆக்கிவிடுவார்களாம். தவறினால் அந்த இடம் வேறு ஒருவனுக்கு. கூரியரில் போட்டால் நாலைந்து நாளில் வந்துவிடும் என்று அவன் சொல்லியிருக்கிறான், அம்மா கேட்கவில்லை. தொலைந்துவிடும், ஆள் கையில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். ஊறுகாய் டப்பாவுக்கு அடியில், எண்ணெய் படாமல் இரண்டு கவர் போட்டு அது இருக்கிறது. கைகூடும்வரை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அதனால் அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

போனை வைத்தேன். என் பொய்யால் ஊறுகாய் கெட்டால் கெடட்டும் என்று இருந்தவன் நான். இது அந்தப் பிள்ளையின் பிழைப்பு. எனக்குப் போன மாதிரி அவனுக்கும் போகும், இந்தத் தடவை பிரியாணி போட்டு அனுப்புகிற முதலாளி நானாக இருப்பேன். அப்போதும், இவ்வளவு தெரிந்த பிறகும், உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாமல் மூட்டையைப் பிரித்து, சர்டிபிகேட்டை எடுத்து, நானே கூரியரில் போட்டுவிடலாம் என்றுதான் புத்தி போனது.

கலைமதி வயலுக்குப் போயிருந்தாள். ரம்யா காலேஜில். கதவைச் சாத்திவிட்டு அரிவாள்மனையை எடுத்து மூட்டையின் தையலை அறுத்தேன். பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். பிச்சையம்மாளின் பை அடியில் கிடந்தது. முடிச்சை அவிழ்த்து, டப்பாவைத் தூக்கி, கவரில் கை வைத்தபோது கதவு திறந்தது. கலைமதியும் அவளோடு பிச்சையம்மாளும் நின்றார்கள். மகன் போனில் என்னோடு பேசியதைச் சொல்லியிருக்கிறான், சர்டிபிகேட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வந்த அக்கா, வயலில் இருந்த கலைமதியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எஞ் சாமான்ல என்ன தம்பி தேடுறீங்க?" என்றார் பிச்சையம்மாள். அவர் குரலில் இருந்த சந்தேகத்தை இதுவரை யாரும் என்னிடம் காட்டியதில்லை.

எடை கூடிவிட்டது அக்கா, பிரித்து அடுக்குகிறேன். இந்தப் பதில் அப்படியே நுனி நாக்கில் வந்து நின்றது. நல்ல பதில், நம்பியிருப்பார்கள். ஆனால் அது நோட்டில் எப்படி விழும் என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. பிச்சையம்மாள் என்று பெயர், பக்கத்தில் எடை கூடிவிட்டது என்று என் கையெழுத்து. முப்பத்தொன்றுக்கு அப்புறம் நான் எழுதாமல் விட்ட பொய்களெல்லாம் அதற்கு மேலே வரிசையாக நின்றன. கவரைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன்.

"நான் போகலக்கா," என்றேன். "இத இன்னைக்கே கூரியர்ல போட்டுருங்க."

இந்த மாசம் இல்லையா என்று கலைமதி கேட்டாள். அவள் இன்னும் லீவு நீண்டிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், எந்த மாசமும் இல்லை, வேலை போய்விட்டது, வரும்போதே போய்விட்டது என்று தரையில் கிடந்த பைகளைப் பார்த்துச் சொன்னேன்.

பிச்சையம்மாள் என் கையிலிருந்த கவரை வெடுக்கென்று பிடுங்கினார். வேலை போவதெல்லாம் எல்லோருக்கும் நடக்கிறதுதான், போகாதவன் எதற்குத் தேதி கொடுத்தாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். முதல் தடவையாக ஒருமையில் திட்டினார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கலைமதி என்னைப் பார்க்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்ததுதான் பயமாக இருந்தது. அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கூரியர் ஆபீஸுக்குப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் நான் பதினான்கு பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவள் நின்றுகொண்டே கேட்டாள். வேறு யாருக்குத் தெரியும் என்றாள். யாருக்கும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, அந்தக் கோச்சுக்குத் தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றாள். மூன்று வாரமாக என்றேன்.

"மூணு வாரமா ஊர் பேர் தெரியாத ஒரு பொண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது," என்றாள். "நான் இங்க தராச வச்சு எட பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

மனசில் தைரியம் வரவில்லை, நீ தாங்குவாயோ மாட்டாயோ என்று பயம், என்று ஏதோ உளறினேன். அவள் பேசி முடிக்க விடவில்லை. நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"வேல போனா போவட்டும். இதுவரைக்கும் நான் தாங்காததா? ரம்யா பொறக்கும்போது நீங்க இல்ல. எங்கப்பா செத்தப்ப இல்ல. கஜா புயல்ல ஓடு பறந்தப்ப நானும் புள்ளையும் கட்டிலுக்கு அடியில கெடந்தோம், நீங்க போன்ல அழுதீங்க, நான்தான் ஒங்களுக்கு ஆறுதல் சொன்னேன். எனக்கு ஒங்க மேல எத்தன கோவம் இருக்கு தெரியுமா? போற மனுஷன்கிட்ட காட்டக்கூடாதுன்னு ஒவ்வொரு லீவுலயும் சிரிச்சே அனுப்பி வச்சேன். இந்த அஞ்சு மாசமும் சிரிச்சேன். போகாத மனுஷனுக்காகச் சிரிச்சிருக்கேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்தவள், பைகளை நானே ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள், ரம்யாவையும் அனுப்பமாட்டேன் என்றாள். மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, போகவில்லை, வேலை இல்லை என்று சொன்னேன். சில பேர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பையை வாங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கிற மாதிரி கதவைச் சாத்தினார்கள். ஆத்மநாதன் கடையில் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள், அவன் நல்ல சூடாக ஒரு டீ போட்டுக் கொடுத்தான். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாகவே இருந்தது, இரக்கப்பட்டவர்கள் மேல் இன்னும் கொஞ்சம் அதிகமாக. ஆனால் மூன்றாம் நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது, வழியில் யாராவது எதிரே வந்துவிடுவார்களோ என்று நான் தலையைக் குனியவில்லை. அதைக் கவனித்தபோது ரஞ்சிதாவின் ஞாபகம் வந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பதின்மூன்றாம் தேதி சர்டிபிகேட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரம்யா மூலம் தெரிந்தது. நிலவழகன் எனக்குச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரஞ்சிதாவிடம் எனக்கு நேரம் இருந்தது. வீட்டில் சொல்லிவிட்டேன், இப்போது கதவைத் திறக்கிறாயா என்று கேட்பதற்காகவே போக நினைத்துச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கலைமதி எனக்கு முன்னால் குளித்து, புடவை மாற்றி, கையில் பையோடு வந்து நின்றாள். அந்தப் பெண்ணின் அட்ரஸ் என்ன என்றாள். எதற்கு என்றேன். ஒன்றைத்தான் சொன்னாள்.

"நீங்க இல்லாம இருக்க நான் இருவத்திரெண்டு வருஷம் பழகியிருக்கேன். இனிமே நீங்க இருக்கப்போறீங்க. அதுக்கு எனக்கு யாரு பழக்கிக் குடுப்பா?"

நானும் வரவா என்றதற்கு வேண்டாம் என்றாள். அரிசி ஊறவைத்திருப்பதாகவும் மத்தியானச் சாப்பாட்டை நான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். சோறு குழைந்துவிட்டது. குழம்புக்குப் புளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தேன். என் வீட்டு அடுக்களையில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த மாடி அறையில் இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று நினைத்து நினைத்து வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்ன பேசினீர்கள் என்று வாசலிலேயே கேட்டேன்.

"நீங்க இங்கயே இருக்குறது எனக்கு வேணுமா வேணாமான்னு கேட்டாங்க," என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அடுத்த சனிக்கிழமையும் போவணும்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் வீடு, என் மனைவி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் அவளுக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.